கரடி இருக்கற காட்டுல நடக்கப் போறீங்களா? செத்த மாதிரி படுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது நெறைய இருக்கு

அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப அமெரிக்காவுல இருக்கற யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு முடிவு பண்ணோம், வண்டியில வெறும் சுத்திப் பாக்கறது மட்டும் இல்லாம காட்டுக்குள்ள போற நடைபாதை, அதான் ட்ரெயில், சின்னதா ரெண்டாவது நடக்கணும்னு எனக்கு ஆசை, அதனால கெளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி "அங்க கரடி இருக்கும்பா, சில விஷயம் சொல்லிடறேன்"னு ஆரம்பிச்சேன். அப்பா உடனே "அதான் தெரியுமே, மூச்சப் புடிச்சுக்கிட்டு செத்த மாதிரி படுத்துக்கணும், மோந்து பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிரும்"னார். சின்ன வயசுல எல்லாருக்கும் சொன்ன அந்த ரெண்டு நண்பர்கள் கதைதான். ஒருத்தன் மரத்துல ஏறிக்குவான், இன்னொருத்தன் படுத்துக்குவான். அது நட்பைப் பத்திச் சொல்ல வந்த கதை, ஆனா நம்மாளுங்க நெறைய பேருக்குக் கரடியப் பத்தித் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதை மட்டும் நம்பிக்கிட்டு வயோமிங், மொன்டானா பக்கம் காட்டுக்குள்ள போனா ரொம்ப ஆபத்து, அதனாலதான் அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னத எல்லாம் இங்கயும் எழுதறேன், மொதல் தடவ போறவங்களுக்கு உதவும்.

மொதல்ல பயத்த ஒரு அளவுக்குக் கொண்டு வந்துடலாம். யெல்லோஸ்டோனுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் பேருக்கு மேல வர்றாங்க. கிரிஸ்லிங்கற பெரிய பழுப்புக் கரடியால காயம் படற வாய்ப்பு சுமார் 27 லட்சம் வருகைக்கு ஒண்ணுதான்னு பார்க் சர்வீஸே கணக்கு போட்டுச் சொல்லியிருக்கு. 1872-ல பார்க் ஆரம்பிச்சதுல இருந்து கரடியால செத்தவங்க 8 பேர், அங்க இருக்கற வெந்நீர் ஊத்துல விழுந்து வெந்து செத்தவங்க 20 பேருக்கு மேல, தண்ணியில மூழ்கினவங்க அதைவிட எவ்வளவோ அதிகம். ஆனா அந்த 27 லட்சத்துல ரோட்டோரம் கார்ல இருந்தே இறங்காதவங்களும் சேத்தி, ரெண்டு பேரா சத்தமே இல்லாம புதருக்குள்ள நடக்கறவங்களுக்கு அதே கணக்கு பொருந்தாது.

இதுல அடிப்படையா புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கரடி நம்மள தேடிக்கிட்டு வர்றதில்ல, பெரும்பாலும் நாமதான் அது எதிர்பாக்காத நேரத்துல அது மூஞ்சிக்கு முன்னாடி போய் நிக்கறோம். அப்ப அதுக்கு ஓடறதா அடிக்கறதான்னு யோசிக்க நேரம் கிடையாது, குட்டி கூட இருந்தாலோ பக்கத்துல இரை கிடந்தாலோ அடிச்சிடும். 

யெல்லோஸ்டோனுக்குப் பக்கத்துல இருக்கற கிராண்ட் டீட்டன் பார்க்ல 399-னு நம்பர் வச்ச ஒரு தாய் கிரிஸ்லி இருந்துச்சு, உலகம் பூரா ஃபோட்டோ எடுக்கறவங்களுக்குத் தெரிஞ்ச கரடி அது. 2007 ஜூன்ல ஒருத்தர் காலங்காத்தால நடந்து போறப்ப, அதுவும் அதோட மூணு குட்டியும் ஒரு செத்த எல்க் மான சாப்பிட்டுக்கிட்டு இருந்த எடத்துல தெரியாம போய் நின்னுட்டார், கரடி பாஞ்சு கடிச்சிடுச்சு. அவர் பொழச்சுக்கிட்டார், கரடிய கொல்ல வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டார், பார்க் அதிகாரிங்களும் இது குட்டியவும் இரையவும் காப்பாத்த நடந்ததுதான்னு முடிவு பண்ணி அதை விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் 399 பல வருஷம் வாழ்ந்துச்சு, 2020-ல நாலு குட்டியோட குகைய விட்டு வெளிய வந்துச்சு, கடைசியில 2024 அக்டோபர்ல ஒரு வண்டி மோதி செத்துச்சு, அப்ப அதுக்கு 28 வயசு. அவ்வளவு வருஷம் ரோட்டோரம் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவுல குட்டிங்கள வளத்த கரடி அது, அதுவே திடுக்கிட்டப்ப அடிச்சிருக்குங்கறத மனசுல வச்சுக்கோங்க.

அதனால மொத வேல, நாம வர்றது அதுக்கு முன்கூட்டியே தெரியணும். சத்தமா பேசிக்கிட்டே போங்க. வளைவு வர்றப்ப, புதர் அடர்த்தியா இருக்கற எடத்துல, மேடு ஏறி அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாதப்ப கை தட்டி "ஹேய் பேர்"னு, அதாவது "ஏய் கரடி"னு கத்துங்க, அங்க எல்லாரும் அப்படித்தான் கத்துவாங்க. தமிழ்ல கத்தினாலும் ஒண்ணும் இல்ல, மனுஷக் குரல்னு தெரிஞ்சா போதும். கடையில பைக்குல கட்டிக்கற மாதிரி சின்ன மணி விப்பாங்க, அதை நம்பாதீங்க, அந்தக் கிணிகிணி சத்தம் தூரத்துக்குக் கேக்கவே கேக்காது. ஆத்தங்கரையோரம் நடக்கறப்பவும் காத்து எதிர்ல இருந்து நம்ம மேல அடிக்கறப்பவும் ரெட்டிப்பு சத்தம் போடணும், ஏன்னா தண்ணி சத்தத்துல நம்ம குரல் கேக்காது, எதிர்க்காத்துல நம்ம வாசனையும் அதுக்குப் போய்ச் சேராது. காதுல இயர்ஃபோன் மாட்டிக்கிட்டு நடக்கற பழக்கம் இருந்தா இங்க மட்டுமாவது கழட்டி வச்சுடுங்க. ஓட்டப் பயிற்சியும் வேணாம், ஓடறவங்க சத்தமில்லாம வேகமா போய் முட்டிக்கிறாங்க.

கூட்டமா போறது ரொம்ப முக்கியம். யெல்லோஸ்டோன்ல குறைஞ்சது மூணு பேராவது சேந்து போங்கன்னு சொல்றாங்க. கனடாவுல பேன்ஃப் பார்க்ல லேக் லூயிஸ் பக்கம் சில ட்ரெயில்கள்ல சீசன்ல நாலு பேர் ஒண்ணா ஒட்டி நடக்கணும்னு சட்டமே போட்டிருக்காங்க, மீறினா ஃபைன். இதுல "ஒட்டி"ங்கற வார்த்தைய விட்றாதீங்க, ஏழு பேரா கெளம்பி ஆளுக்கு ஒரு வேகத்துல அரை மைல் இடைவெளியில நடந்தா அது ஏழு தனி ஆளுங்க நடக்கற மாதிரிதான். குழந்தைங்க நடுவுல வரட்டும், முன்னாடி ஓட விடாதீங்க.

நேரமும் காலமும் கூட பாக்கணும். விடியற நேரம், பொழுது சாயற நேரம், ராத்திரி இந்த மூணும் கரடி மேயற நேரம். மே ஜூன்ல எல்க் மான் குட்டி போடும், அதைத் தேடிக்கிட்டு கரடி புல்வெளியில அலையும். ஆகஸ்ட் கடைசியில இருந்து நிலைமை வேற, குளிர்காலம் சுமார் அஞ்சு மாசம் சாப்பாடே இல்லாம குகைக்குள்ள படுக்கணும்ல, அதுக்காக ராப்பகலா தின்னுக்கிட்டே இருக்கும், ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைக்கும் போகுமாம். அந்த நேரத்துல கிரிஸ்லிங்க மரமே இல்லாத உயரத்துல இருக்கற பாறைச் சரிவுக்கு ஏறிப் போய் கல்லப் புரட்டிப் புரட்டி அந்துப்பூச்சி தின்னும், ஒரு கரடி ஒரு நாளைக்கு 40,000 பூச்சி வரைக்கும் திங்கும்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு எடுத்திருக்காங்க. மொத தடவ இதைப் படிச்சப்ப என்னால நம்பவே முடியல, அவ்ளோ பெரிய உடம்புக்கு அந்துப்பூச்சியா. ஆனா யோசிச்சுப் பாருங்க, அப்படி தலையக் குனிஞ்சு சாப்பாட்டுலயே மூழ்கிக் கிடக்கற மிருகம் நம்ம காலடிச் சத்தத்த எங்க கவனிக்கப் போகுது.

பாதையில சில அடையாளத்தையும் பாத்துக்கிட்டே போகணும். ஈரமண்ணுல பெரிய கால்தடம், தோண்டிப் போட்ட மண்ணு, பழக்கொட்டை நிறைஞ்ச சாணம், புரட்டிப் போட்ட மரக்கட்டை. எல்லாத்தையும் விட மோசமான அடையாளம் செத்த மிருகத்தோட நாத்தம், இல்லன்னா அண்டங்காக்கா கூட்டமா ஒரே எடத்துல சுத்தறது. அப்படி எதாவது தெரிஞ்சா ஒரு அடி கூட முன்னாடி வைக்காதீங்க, வந்த வழியே சத்தம் போட்டுக்கிட்டுத் திரும்பிடுங்க, பக்கத்துல எங்கயோ அதுக்குச் சொந்தக்காரர் படுத்திருக்கு. எவ்வளவு தூரம் ட்ரைவ் பண்ணி வந்திருந்தாலும் சரி, திரும்பித்தான் ஆகணும்.

அடுத்தது சாப்பாடு, இதப் பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே சொல்லுவேன் ஏன்னா இதுல நாம செய்யற தப்புக்கு நம்மளோட சேத்து கரடியும் உயிரக் குடுக்குது. 1967 ஆகஸ்ட்ல கிளேசியர் நேஷனல் பார்க்ல ஒரே ராத்திரியில ரெண்டு வேற வேற எடத்துல, ரெண்டு வேற வேற கிரிஸ்லி, 19 வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேர கொன்னுடுச்சுங்க. அதுவரைக்கும் அந்தப் பார்க்ல கரடி யாரையும் கொன்னதே இல்ல. அதுல ஒரு எடத்துல மலை மேல இருந்த விடுதிக்காரங்க மிச்ச சாப்பாட்ட பின்பக்கம் கொட்டுவாங்க, கரடி வந்து திங்கறத விருந்தாளிங்க உக்காந்து வேடிக்கை பாப்பாங்க, இன்னொரு எடத்துல இருந்த கரடி அந்தக் கோடை பூரா கேம்ப் கேம்ப்பா போய் சாப்பாட்ட எடுத்துப் பழகியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் குப்ப விஷயத்துல எல்லா பார்க்கும் முழிச்சுக்கிச்சு. யெல்லோஸ்டோன்ல இருந்த கடைசி குப்பைக் கிடங்க 1970-ல மூடினாங்க, தலைமுறை தலைமுறையா குப்பையிலயே வளந்த கரடிங்க அப்புறம் கேம்ப்புக்குள்ள வர ஆரம்பிச்சு நெறைய சுடப்பட்டுச்சு, 1975-ல அந்த வட்டாரத்துல 136 கிரிஸ்லிதான் மிச்சம்ங்கற நெலமைக்கு வந்து பாதுகாக்கப்பட்ட இனமா அறிவிச்சாங்க. இன்னிக்கு ஆயிரத்த ஒட்டி இருக்கு, அம்பது வருஷ உழைப்பு அது.

அதனால உங்க புளியோதரை, ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு எல்லாம் மூடி போட்ட டப்பாவுல இருக்கேன்னு நெனைக்காதீங்க, கரடி மூக்குக்கு மூடி ஒரு பொருட்டே இல்ல. சாப்பாடு மட்டும் இல்ல, டூத்பேஸ்ட், சோப்பு, லிப் பாம், தலைக்குத் தேச்சுக்கற தேங்காய் எண்ணெய், தைலம், குழந்தையோட டயப்பர், காலி சிப்ஸ் கவர், இப்படி வாசனை உள்ள எதுவுமே டென்ட்டுக்குள்ள வரக்கூடாது. கேம்ப்கிரவுண்ட்ல இரும்புப் பெட்டி வச்சிருப்பாங்க அதுல போட்டுப் பூட்டணும். காட்டுக்குள்ள தங்கற எடம்னா சமைக்கிற எடத்துக்கும் படுக்கற எடத்துக்கும் 100 யார்டு, அதாவது சுமார் 91 மீட்டர் இடைவெளி வேணும், சாப்பாட்டுப் பைய தரையில இருந்து 10 அடி உயரத்துல, மரத்துல இருந்து 4 அடி தள்ளித் தொங்கவிடணும், இல்லன்னா கரடியால திறக்க முடியாத கெட்டி டப்பாவுல வைக்கணும். தாளிச்சுக் கொட்டின சட்டையோடயே போய் தூங்காதீங்க, மாத்திட்டுப் படுங்க.

இப்ப பேர் ஸ்ப்ரே, அதாவது கரடிய விரட்டற ஸ்ப்ரே. மொளகா வறுக்கறப்ப நெடி ஏறி வீடே இருமும்ல, அதே சமாச்சாரம்தான், மொளகாயில இருக்கற கேப்சைசின் காரத்த கேஸோட சேத்து அடைச்சு வச்சிருக்காங்க. அமுக்கினா ஒரு ஆரஞ்சு கலர் மேகம் மாதிரி 25, 30 அடிக்குப் போகும், கரடிக்குக் கண்ணு மூக்கு தொண்டை எல்லாம் எரிஞ்சு கொஞ்ச நேரத்துக்கு எதுவும் முடியாது, ஆனா நெரந்தரமா ஒண்ணும் ஆகாது. 1985-ல இருந்து 2006 வரைக்கும் அலாஸ்காவுல ஸ்ப்ரே அடிச்ச சம்பவங்கள எல்லாம் சேத்து ஒரு ஆய்வு 2008-ல வந்துச்சு, பழுப்புக் கரடிங்க விஷயத்துல 92 சதவீதம் தடவ அது செஞ்சுக்கிட்டிருந்தத நிறுத்திடுச்சு, ஸ்ப்ரே வச்சிருந்தவங்கள்ல 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்ல. நாப்பது அம்பது டாலர்தான், சில எடத்துல வாடகைக்கும் கிடைக்குது. தயவுசெஞ்சு இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

ஆனா வாங்கி பேக்குக்குள்ள போட்டுக்கிட்டா வாங்காத மாதிரிதான். கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்துல ஓடும், 30 அடிய அது கடக்க ஒரு செகண்ட் கூட ஆகாது, நீங்க ஜிப்ப தேடிக்கிட்டிருப்பீங்க. இடுப்புலயோ நெஞ்சுக்கு முன்னாடி பட்டையிலயோ உறை போட்டு மாட்டிக்கணும், குரூப்ல பெரியவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணு இருக்கணும், கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே உறையில இருந்து உருவறதையும் கட்டை விரலால அந்தப் பாதுகாப்பு கிளிப்ப தள்ளறதையும் கண்ண மூடிக்கிட்டுச் செய்யற அளவுக்குப் பழகணும். காலாவதி தேதி பாருங்க, வருஷம் ஆக ஆக உள்ள இருக்கற அழுத்தம் குறைஞ்சிடும். கரடி பாஞ்சு வர்றப்ப 30 அடியில இருந்து 60 அடிக்குள்ள வந்ததும் அடிக்க ஆரம்பிக்கணும், அதோட மூஞ்சிக்கு நேரா இல்லாம கொஞ்சம் கீழ பாத்து அடிச்சா மேகம் எழும்பி அது அதுக்குள்ள ஓடி வரும். கொசு மருந்து மாதிரி உடம்புலயோ டென்ட் மேலயோ அடிச்சுக்கக் கூடாது, உங்களுக்குத்தான் எரியும், போதாததுக்கு அலாஸ்காவுல ஸ்ப்ரே காஞ்ச எடத்த மோப்பம் பிடிச்சு வந்து கரடி அதுலயே உருண்டதையும் பாத்திருக்காங்க. இன்னொண்ணு, கலிஃபோர்னியாவுல யோசெமிட்டி போறவங்க இதை எடுத்துட்டுப் போகக்கூடாது, அங்க தடை, அங்க இருக்கறது கருப்புக் கரடி மட்டும்தான்.

கருப்புக் கரடி, கிரிஸ்லி வித்தியாசம் தெரியணுமான்னு கேப்பீங்க, தெரியணும், ஆனா கலர வச்சு சொல்லிட முடியாது. கருப்புக் கரடின்னு பேரு இருந்தாலும் அது பழுப்பு, செம்பழுப்புலயும் இருக்கும், கிரிஸ்லியும் சில நேரம் கருப்பாவே தெரியும். தோள்பட்டைக்கு மேல பாருங்க, திமில் மாதிரி மேடா இருந்தா கிரிஸ்லி, மண்ணத் தோண்டித் தோண்டி அங்க சதை திரண்டு இருக்கும். மூஞ்சி நடுவுல குழிஞ்சு, காது குட்டையா உருண்டையா, நகம் நீளமா இருக்கும். கருப்புக் கரடிக்கு திமில் கிடையாது, மூஞ்சி நேரா இருக்கும், காது கொஞ்சம் நீண்டு நிக்கும்.

சரி, பாத்துட்டீங்க. அது உங்களப் பாக்கலன்னா சத்தமில்லாம பின்வாங்கிப் போயிடுங்க, ஃபோட்டோ எடுக்க நிக்காதீங்க, எப்பவுமே 100 யார்டு தள்ளி இருக்கணும்ங்கறது சட்டம். கைய நீட்டி கட்டை விரல தூக்கிப் பாருங்க, கரடி முழுசா விரலுக்குப் பின்னாடி மறையலன்னா நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்க. அதுவும் உங்களப் பாத்துடுச்சுன்னா ஓடவே ஓடாதீங்க, இது ஒண்ணு மட்டும் மறக்கவே கூடாது. நின்னு, தாழ்ந்த குரல்ல பேசிக்கிட்டே, ஸ்ப்ரேவ கையில எடுத்துக்கிட்டே, மெதுவா பின்னாடி அடி வைங்க. ரெண்டு கால்ல எழுந்து நின்னா பயந்துடாதீங்க, அனேகமா அது நல்லாப் பாக்கறதுக்கும் மோப்பம் பிடிக்கறதுக்கும்தான். புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு விடறது, பல்லக் கடிச்சு டக் டக்குன்னு சத்தம் பண்றது, தரைய அடிக்கறது, இதெல்லாம் கிட்ட வராதேன்னு அது சொல்றது. பாஞ்சு வந்து பாதியிலயே நின்னு திரும்பிப் போறதும் நெறைய நடக்கும், அந்த நேரத்துல அசையாம நிக்கறது கஷ்டம்தான், ஆனா நிக்கணும்.

2011 ஜூலைல யெல்லோஸ்டோன்ல வாபிட்டி லேக் ட்ரெயில்ல ஒரு கணவன் மனைவி குட்டியோட இருந்த கிரிஸ்லியப் பாத்துட்டு நல்லபடியாத்தான் திரும்பி நடந்தாங்க, அது துரத்த ஆரம்பிச்சதும் கத்திக்கிட்டே ஓடினாங்க, கணவர் எறந்துட்டார். ஓடினதும் கத்தினதும் அந்தத் துரத்தல நீட்டிச்சிருக்கலாம்னு விசாரணை அறிக்கை சொல்லுச்சு. மனைவி கீழ படுத்து அசையாம கெடந்தாங்க, அவங்க முதுகுப் பைய கவ்வித் தூக்கிப் போட்டுட்டு கரடி போயிடுச்சு. அந்த நெலமையில நாம யாரா இருந்தாலும் ஓடியிருப்போம், அவங்க மேல தப்பு சொல்ல இதை எழுதல. நம்ம காலு தானா ஓடத்தான் பாக்கும், அதனாலதான் முன்கூட்டியே மனசுக்குச் சொல்லிச் சொல்லி வைக்கணும்.

இப்பதான் அப்பா சொன்ன அந்தப் படுக்கற விஷயம் வருது. கிரிஸ்லி திடுக்கிட்டு பாஞ்சு, ஸ்ப்ரேவும் கைகுடுக்காம, உங்க மேல அது கை வச்சுடுச்சு, அந்த ஒரு கட்டத்துலதான் படுக்கணும். குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் பிடரிக்குப் பின்னாடி கோத்துக்கிட்டு, புரட்ட முடியாதபடி கால அகட்டி வச்சுக்கணும், முதுகுல பேக் இருந்தா கழட்டாதீங்க அதுதான் கவசம். அது போனதுக்கு அப்புறமும் பல நிமிஷம் அசையக் கூடாது, உடனே எழுந்தா திரும்ப வரும். கருப்புக் கரடி அடிச்சா இதுக்கு நேர்மாறு, படுக்கவே கூடாது, கல்லு கட்டை கையில கிடைச்சத எடுத்து மூக்குலயும் கண்ணுலயும் அடிச்சுப் போராடணும். எந்தக் கரடியா இருந்தாலும் சரி, சத்தமில்லாம உங்களையே பாத்துக்கிட்டுப் பின்தொடர்ந்து வந்துச்சுன்னா, இல்ல ராத்திரி டென்ட்டுக்குள்ள வந்துச்சுன்னா, அது பயந்து வர்ற கரடி கிடையாது, உங்கள இரையா நெனைக்குது, அப்ப உசுரக் குடுத்துப் போராடணும். மரம் ஏறறதப் பத்திக் கேக்கறவங்களுக்கு, கருப்புக் கரடி நம்மள விட நல்லா மரம் ஏறும், கிரிஸ்லியும் ஏறும். நீலகிரி பக்கம் இருக்கற நம்ம ஊர் கரடி கூட தேனுக்காக மரம் ஏறறதுதான், அதுவும் திடுக்கிட்டாதான் மனுஷன் மேல பாயுது, அதனால கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருட்டின நேரம் நடக்கறவங்களுக்கும் சத்தம் போட்டுக்கிட்டு கூட்டமா போங்கங்கறது அப்படியே பொருந்தும்.

நாங்க மூணு நாள் இருந்தோம், ரெண்டு ட்ரெயில் நடந்தோம், ஒவ்வொரு வளைவுலயும் அப்பாதான் கை தட்டினார், அம்மா பழைய பாட்டா எடுத்து விட்டுக்கிட்டே வந்தாங்க, கரடி ஒண்ணு மட்டும் தூரத்து மலைச்சரிவுல பைனாகுலர்ல தெரிஞ்சுச்சு. ஸ்ப்ரேவ விமானத்துல கைப்பையிலயும் சரி பெட்டியிலயும் சரி எடுத்துட்டுப் போக விட மாட்டாங்க, அதனால கடைசி நாள் ட்ரெயில் ஆரம்பத்துல அப்பதான் கார விட்டு இறங்கின ஒரு குடும்பத்துக்கு எங்களோடத குடுத்துட்டோம், அவங்க அதை வாங்கி பேக்குக்குள்ள போடப் போனாங்க, அப்பா தடுத்து நிறுத்தி அதை அந்தாளு இடுப்புல மாட்டிவிட்டு, கிளிப்ப எப்படித் தள்ளணும்னு ரெண்டு தடவ செஞ்சு காட்டிட்டு வந்து வண்டியில ஏறினார்.